படுத்துக் கிடக்கும் தொப்பி

அக்கா,

இன்று காலை என் முன்னால் ஒரு ரொட்டி சானாய் ஆறிப்போனது. சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அதே ரொட்டிக் கடைதான். நீ பருப்புக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும் கடை. கடைக்காரன் மாவை வீசி விரித்து, கல்லில் போட்டு எடுத்து, தட்டில் கொண்டுவந்து வைத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை. "என்னா அங்கிள், ரொட்டி சரியில்லையா?" என்று கேட்டான். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒரு டாக்டர், என் வயிற்றுக்குள் இதே மாதிரி ஒன்று தட்டையாகப் படுத்துக் கிடக்கிறது என்று திரையில் காட்டியிருந்தார். அதற்குப் பிறகு ரொட்டியைப் பிய்க்க யாருக்கு மனசு வரும், நீயே சொல்.

நீ போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. இத்தனை நாள் உன்னிடம் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இன்று சொல்ல ஒன்று வந்திருக்கிறது, கேட்கவும் ஒன்று இருக்கிறது. நீ பதில் சொல்லப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன ஆள் நீதான். மீதிச் சண்டையை நான் காகிதத்தில்தான் போட வேண்டியிருக்கிறது.

முதலில் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை. வயிற்று வலி என்று போனேன். ஒற்றைச் சிறுநீரகக்காரனுக்கு வயிறு வலித்தால் டாக்டர்களுக்கும் கூடவே வலிக்க ஆரம்பித்துவிடும், உடனே ஸ்கேன். பித்தப்பையில் சின்னதாக ஒரு கல் இருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்லி முடித்த டாக்டர், சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது என் இடப்பக்கத் தழும்பைப் பார்த்தார். உன் மகள் மலரைவிடச் சின்ன வயசுதான் இருக்கும். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அங்கிள், இந்த லெஃப்ட் கிட்னிய எப்ப எடுத்தாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரும் எடுக்கலம்மா. நான் விக்கவும் இல்ல" என்றேன். விற்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே போய் அந்தப் பள்ளத்தில் விழுந்தேன். பக்கத்தில் நின்ற தாதி திரும்பிப் பார்த்தாள். சரி, இனி இந்த ஆஸ்பத்திரியிலும் பேர் கெட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. திரையின் பக்கம் திரும்பி, என் வயிற்றின் படங்களை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அங்கிள் சொல்றது உண்மைதான். உங்களுக்கு இது பொறந்ததுலேர்ந்தே இல்ல."

அக்கா, அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். நம் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் சொல்லவில்லை, நீ சொல்லவில்லை. யாரோ பெற்ற பிள்ளை, என் பெயரைக்கூட அட்டையைப் பார்த்துத்தான் கூப்பிட்டவர், சொல்லிவிட்டார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். சிறுநீரகம் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறதாம். அட்ரினல் என்று பெயர். வலப்பக்கத்தில் இருப்பது முக்கோணமாக இருக்கும், இடப்பக்கத்தில் இருப்பது பிறை மாதிரி வளைந்து கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசமாம். ஒருவருக்கு மெலிந்து இருக்கும், ஒருவருக்குத் தடித்து இருக்கும், எது சரி எது கோளாறு என்று அளந்து சொல்வதே சில நேரம் சிரமமாம். "எல்லாருக்கும் மூக்கு ஒரே மாதிரியா இருக்கு, அங்கிள்?" என்றார். பச்சைப் பிள்ளைக்கு அது உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருந்து, பிறந்த பிறகு சுருங்குமாம். ரொம்ப நாள் நோயில் கிடப்பவர்களுக்கு மறுபடியும் கொஞ்சம் பெருக்குமாம்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயத்துக்கு வந்தார். அம்மா வயிற்றில் பிள்ளை வளரும்போது சிறுநீரகம் கீழேயிருந்து மேலே ஏறி வந்து அந்தச் சுரப்பியை முட்டி நிற்குமாம். அது முட்டுவதால்தான் சுரப்பி மடங்கித் தொப்பியாகிறது. சிறுநீரகமே உண்டாகவில்லை என்றால் முட்ட ஆள் இல்லை. சுரப்பி தட்டையாகப் படுத்துவிடும்.

"பெரியவங்க ஆனதுக்கு அப்புறம் கிட்னிய வெட்டி எடுத்தா, தொப்பி தொப்பியாவேதான் இருக்கும் அங்கிள். உங்களுக்குப் பாருங்க, ரொட்டி சானாய் மாதிரி நல்லாப் படுத்துக்கிச்சு. அங்க எப்பவும் கிட்னி இருந்ததே இல்ல."

திரையில் பார்த்தேன். வலப்பக்கம் ஏதோ மடங்கித் தெரிந்தது. இடப்பக்கம் ஒரு கோடு. மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு கோடு. இத்தனை வருடமாக எனக்காகச் சாட்சி சொல்ல அது உள்ளேயே இருந்திருக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் பக்கத்துக் கதையை நீ ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை. பாதியிலேயே "சரிடா, சரிடா" என்று கையைக் காட்டி நிறுத்திவிடுவாய். இப்போது நிறுத்த முடியாது, கேள்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தபோது, சங்கிலியில் தொங்கிய இரும்புத் தகடு ஒன்று நழுவி என் இடுப்புக்கு மேலே இடப்பக்கத்தைக் கிழித்துவிட்டது. அங்கேயே தையல் போட்டார்கள். அம்மா கேட்டால் பதறிப்போவாள் என்று வீட்டுக்குச் சொல்லவில்லை. பட்டறைக்காரன் கொடுத்த நஷ்டஈட்டோடு தோட்டத்துக்குத் திரும்பினேன். அப்போதுதான் தோட்டம் கைமாறி, தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் தவறி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலர் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் கொண்டுவந்ததை சுங்கை காடுட் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் உன் பேருக்கு ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டினேன். மிச்சத்தை நீ அங்கிருந்த தொழிற்சாலையில் வேலை செய்து மாதாமாதம் கட்டிக்கொண்டாய். நான் செய்த காரியம் இவ்வளவுதான்.

கெடுத்தது காவடி. உயிர் பிழைத்து வந்ததற்காக அந்த வருடத் தோட்டத் திருவிழாவில் பால் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தேன். காவடி எடுப்பவன் சட்டையா போட முடியும்? மஞ்சள் வேட்டியும் வெறும் உடம்புமாகக் கிளம்பினேன். காவடி ஒவ்வொரு லயத்திலும் வாசலுக்கு வாசல் நிற்கும், பெண்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா? அத்தனை வாசலிலும் அத்தனை பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அங்கே ஒருத்தன் கிட்னி விற்றான், இங்கே ஒருத்தன் விற்றான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சிங்கப்பூருக்குப் போனவன் கையில் பணத்தோடும் இடுப்பில் தையலோடும் திரும்பினால் வேறு என்ன நினைப்பார்கள்? காவடி கோயிலுக்குத் திரும்புவதற்குள் என் சிறுநீரகம் விற்பனையாகிவிட்டது.

உன் வாசலில் நீதான் செம்போடு நின்றாய். குனிந்து ஊற்ற வந்தவள் தழும்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாய். தண்ணீர் என் காலில் விழாமல் மண்ணில் ஓடியது. எனக்குத் தோளில் காவடி, கண்ணில் வியர்வை. உன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு ஒழுங்காகப் பார்த்திருந்தால் இன்று இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காதோ என்னவோ.

அதற்குப் பிறகு ரந்தாவ் பக்கம் எனக்குப் பார்த்த பெண் வீட்டில் "ஒத்தக் கிட்னிக்காரனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று சொல்லி அனுப்பினார்கள். நான் தையா தக்கா என்று குதித்தேன். எனக்கு இரண்டும் இருக்கிறது என்று சாமிமேல் ஆணையாகச் சொன்னேன். இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? அவர்கள் சொன்னதுதான் சரி. எந்த மெஷினும் என்னைப் பார்ப்பதற்கு முன்பே தோட்டத்துச் சனங்கள் எனக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படிப் போனது என்பதில் மட்டும்தான் தப்பு. நான் உண்மை என்று நினைத்துச் சொன்னது பொய், அவர்கள் சொன்ன பொய்யில் பாதி உண்மை. இதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

நீ அப்போது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று முதல் டம்ளரை என் கையில் கொடுத்து, "மொதல்ல குடிக்க வேண்டியவன் நீதான்டா" என்றாய். முன்பணம் கட்டியதற்காகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது அந்த டம்ளரும் சந்தேகமாகிவிட்டது.

உனக்குச் சர்க்கரை முற்றி, இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகுதான் கதை திரும்பவும் கிளம்பியது. தெமியாங்கில் என் அடுக்குமாடிக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் நிலையம் இருந்தது நல்லதாகப் போனது. உனக்குத் தண்ணீர் அளந்துதான் தர வேண்டும் என்று கட்டளை. என் வீட்டு ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, கட்டிகளைப் பிளாஸ்க்கில் போட்டுக் கொண்டுவருவேன். மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசுவாய். "கொஞ்சம் பெரிசா இருந்தா குடேன்டா, கருமி" என்று திட்டுவாய். ஐஸ் கட்டி எல்லாம் ஒரே அளவில்தானே வரும் என்று சொன்னாலும் கேட்க மாட்டாய்.

ஒரு நாள் நான் என்னுடையதைக் கொடுக்கிறேன் என்றேன். ஐஸ் கட்டியோடு சிரித்துப் புரையேறிவிட்டது உனக்கு. "ஊசியப் பாத்தாலே லாரிக்கு அடியில ஒளியற ஆளு நீ. போடா" என்றாய். உண்மைதான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய காலத்தில், காய்ச்சல் ஊசி போடத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வருகிறார் என்றால் சக்கரத்துக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு நான் தீர்மானமாகத்தான் இருந்தேன். மறு வாரம் பரிசோதனைக்கு என் பேரைக் கொடுத்தேன். ரத்தம் எடுத்தபோது மயங்கி விழவில்லை. அதை நீ யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் குறைதான்.

அப்புறம் வயிற்றை ஸ்கேன் செய்த அன்று. நீயும் வருவேன் என்று அடம்பிடித்து, சக்கர நாற்காலியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். அந்தக் கருவியை இடப்பக்கம் வைத்துத் தேடினார்கள், திரும்பிப் படுக்கச் சொன்னார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், இன்னொருவரைக் கூப்பிட்டு வந்தார்கள். கடைசியில் அந்த டாக்டர் கேட்டார். "உங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு. முன்னாடி ஆபரேஷன் ஏதாச்சும் செஞ்சீங்களா?"

இல்லை என்றேன். அவர் தழும்பைப் பார்த்தார். நீ தழும்பைப் பார்த்தாய். "எப்படிப் போயிருந்தாலும் சரி, இருக்கறது ஒண்ணு. அதைக் குடுக்க முடியாது" என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் வேலை அத்தோடு முடிந்தது. அந்தத் தட்டைச் சுரப்பியைத் தேடிப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் காரணம் இல்லை. எனக்கு இருந்தது, ஆனால் அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

காரில் உட்கார்ந்த பிறகு என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இருப்பதைக் கொடுக்கலாம் என்று வந்தவனுக்கு இல்லையென்று சொல்லிவிட்டார்களே, இனி உன்னை நான் எதைக் கொண்டு பிடித்து வைப்பது என்று அழுதேன். நீ என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்.

"ஏன்டா அழற? நீதான் முன்னாலயே குடுத்துட்டியே. ஒருத்தன் எத்தன தடவடா குடுப்பான்?"

அழுகை சட்டென்று நின்றது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன். "நீயுமா? ஊர்தான் பேசுதுன்னா நீயுமா நம்புற?" கார் நிறுத்துமிடத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டாய். "சரிடா, சரிடா. வண்டிய எடு, பசிக்குது" என்றாய்.

அன்றிலிருந்து நீ நடத்திய கூத்து கொஞ்சநஞ்சமா? டயாலிசிஸ் நிலையத்தில் ஒருவர் விடாமல் சொன்னாய். "என் தம்பி எனக்காக எப்பவோ குடுத்தாச்சு. அதுல வாங்குன வீட்டுலதான் நான் படுத்துத் தூங்கறேன்." தாதிகள் என்னைப் பார்த்து எழுந்து நின்றார்கள். பக்கத்து மெஷின் சீனக் கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் "இல்ல, அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்லச் சொல்ல, எவ்வளவு அடக்கம் பார் என்று இன்னும் உருகினார்கள். நான் உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ கன்னத்தில் ஐஸ் கட்டியோடு சிரித்தாய்.

பொறுக்க முடியாமல்தான் ஒரு நாள் உன்னைப் பழைய தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். லயம் இருந்த இடமெல்லாம் வீடுகளாகிவிட்டது. செம்பனைக்கு நடுவில் முனியாண்டி மட்டும் இன்னும் நிற்கிறார். ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தி, "இத உள்ளங்கையில அணச்சுச் சத்தியம் பண்றேன். அப்பவாச்சும் நம்புவியா?" என்றேன். கையை ஓங்கியும் விட்டேன். நீ பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாய். நடக்கவே ஆள் துணை வேண்டியிருந்த உனக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. டயாலிசிஸ் ஊசி குத்தும் அந்தக் கையில் ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது என் தோலில் பட்டது.

"வேணாம்டா. முனியாண்டிகிட்ட பொய்ச் சத்தியம் வேணாம். கண்ணு போயிடும்" என்றாய்.

நீ சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கையை இறக்கினேன். கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது.

பிறகு நீ போய்விட்டாய். பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியவன் நான். சேலையைக் கையில் வைத்துக்கொண்டு உன் தலைமாட்டில் நின்றபோது பின்னால் ஒரு கிழவி சொல்வது கேட்டது. "ஒடம்பையே வித்து அக்காவுக்கு வீடு வாங்கிக் குடுத்த தம்பி இவன்தான்." சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இழவு வீட்டில் நின்றுகொண்டு என் கிட்னியைப் பற்றி நான் யாரிடம் வழக்காடுவது? சேலையைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பேர் என்மேல் அப்படியே இருக்கிறது.

இத்தனையும் இருக்கும்போது இன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும்? முதலில் சந்தோஷம். உடனே, இதை யாரிடம் காட்டுவது என்ற எரிச்சல். நம்பவைக்க வேண்டிய ஒரே ஆள் நீ. ரொட்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு நேராகத் தாமான் வீட்டுக்குப் போனேன். மலருக்கு இன்று லீவு. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து தொப்பி, ரொட்டி, கோடு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். உன் மகள் அசையவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அதான் அம்மாவுக்குத் தெரியுமே லா, மாமா."

"என்னா தெரியும்?"

"நீங்க விக்கலன்னு. அம்மா ஒரு நாளும் அத நம்பல. 'ஊசிக்கே பயந்து ஓடறவன், கத்திக்கிட்ட போய்ப் படுப்பானா'ன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"அப்ப ஏன் ஊர் பூரா அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா?"

மலர் அடுத்த துணியை எடுத்தாள். "அன்னைக்கு ஸ்கேன் முடிஞ்சு நீங்க கார்ல அழுதீங்களாமே. அம்மா சொன்னாங்க, 'குடுக்க முடியலயேன்னு இவன் நொந்தே செத்துடுவான் போல. குடுத்தாச்சுன்னு சொல்லி வெச்சா என்மேல கோவமாத் திரிவான். கோவமா இருந்தான்னா நல்லாத் தூங்கிடுவான், சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான்'னு."

உண்மைதானே அக்கா. அந்த மாதங்களில் நான் நன்றாகத்தான் தூங்கினேன். உன்னைத் திட்டிக்கொண்டே படுப்பேன், திட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவேன். உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வரும் முன்பே உன்மேல் ஆத்திரம் வந்துவிடும். நீ இத்தனையும் கணக்குப் போட்டுத்தான் செய்தாயா?

அப்படியென்றால் முனியாண்டி கோயிலில் நடந்தது என்ன? அதையும் மலரிடம் கேட்டேன். நம்பாதவள் எதற்குப் பொய்ச் சத்தியம் என்று பதற வேண்டும்? கண்ணில் ஏன் தண்ணீர்? அந்தப் பிடி நடிப்புப் பிடி இல்லை, அது எனக்குத் தெரியும். சத்தியம் செய்துவிட்டால் நீ நடத்தும் கூத்து முடிந்துவிடும், நான் மறுபடியும் அழ ஆரம்பித்துவிடுவேன் என்று தடுத்தாயா? இல்லை, காவடி அன்று மண்ணில் தண்ணீரைக் கொட்டிய நாளிலிருந்து உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இருந்தாயா? என் உடம்பின் ஒரு துண்டைத் தின்றுதான் உன் குடும்பம் நிமிர்ந்தது என்ற பாரத்தோடு போனாயா?

"அது எனக்குத் தெரியாது மாமா" என்றாள் மலர். சொல்லும்போது அவள் கண் என் இடப்பக்கத்துக்குப் போய் வந்தது. சட்டைக்கு மேலேதான். ஒரு நொடிதான். காவடி அன்று நீ பார்த்தது அப்படித்தான், ஸ்கேன் அறையில் பார்த்ததும் அப்படித்தான். அங்கேதான் அக்கா எனக்கு இருந்த கொஞ்சத் தெளிவும் போனது. இவள் உன் வயிற்றில் பிறந்தவள். கிழவன் மனசு ஆறட்டும் என்று உன்னை மாதிரியே ஒரு கதையைக் கட்டி, துணி மடித்துக்கொண்டே அலட்டாமல் சொல்லக்கூடியவள். நீ என்னை ஏமாற்றினாய் என்று இவள் சொல்கிறாள். அதைச் சொல்லி இவள் என்னை ஏமாற்றுகிறாளா? முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டாக்டரிடம் ஒன்று கேட்டிருந்தேன். இப்படித் தட்டையாகக் கிடக்கிறதே, அது வேலை செய்யுமா என்று. "நல்லாவே செய்யும் அங்கிள். படுத்திருந்தாலும் அதே வேலைதான். பயம் வந்தாலும் கோவம் வந்தாலும் அதுதான் ஊத்தும்" என்றார். அப்படியானால் உன்மேல் நான் பட்ட கோபத்துக்கு அது பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்க வேண்டுமே என்றேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று சிரித்தார். உன்னுடையது எந்த அளவில் இருந்திருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். அத்தனை நாள் நோயில் கிடந்தாய், பெருத்துத்தான் இருக்கும். யாரும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்து, இதை எழுத உட்காரும் முன்னால் ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நீ போன பிறகும் அதை நிறுத்த முடியவில்லை. யாரும் எடுப்பதில்லை. ஓரம் வற்றிச் சிறுத்துப்போனால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறேன். இப்போது ஒரு கட்டியை எடுத்து என் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னது சரிதான், கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்திருக்கலாம்.

என்னிடம் இல்லாததை நான் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நம்பிச் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. உள்ளே கிடக்கும் அந்தக் கோடு நான் விற்கவில்லை என்று மட்டும்தான் சொல்லும். உன் மனசில் என்ன இருந்தது என்று அதற்கும் தெரியாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் உனக்கு? உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன் அக்கா. ரொம்பக் கோபமாக இருக்கிறேன். இன்றைக்கு நன்றாகத் தூங்கிவிடுவேன்.

உன் தம்பி